அசுத்தத்துக்கு ஆறாவது பொருள்

லாண்டரி அக்காவைப் பற்றி எழுதச் சொல்லி என்னிடமே வந்து கேட்டார்கள். அகராதியின் முதல் தொகுதி வெளிவரப் போகிறது, உழைத்தவர்களைப் பற்றி ஒரு மலர் போடுகிறோம், பக்கத்து மேசைக்காரர் என்ற முறையில் நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். வேறு ஆளே அகப்படவில்லையா என்ற கேள்வி வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். எழுதுகிறேன். ஆனால் நடந்ததைத்தான் எழுதுவேன். பிடித்தால் போடட்டும், இல்லாவிட்டால் கிடக்கட்டும். மரியாதைக்காக 'அவர்' என்றே குறிப்பிடுகிறேன். மனசுக்குள் அந்த நாளில் 'அவள்'தான்.

எங்கள் அலுவலகம் மின்சாமான் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. மூன்றே அறைகள். நடு அறையில் தரையிலிருந்து கூரை வரை மர இழுப்பறைகள். இழுப்பறைகள் நிறைய அட்டைகள். ஒரு சொல் எங்கே, எந்த வாக்கியத்தில், என்ன பொருளில் வந்தது என்று ஓர் அட்டையில் எழுதி, அடியில் ஆதாரம் குறிப்போம். புத்தகத்தில் வந்திருந்தால் பக்கமும் வரியும். காதால் கேட்டதானால் 'கேட்டது' என்று போட்டு, சொன்னவர் தொழில், இடம், தேதி. ஒரு பொருளை அகராதியில் சேர்க்க மூன்று வெவ்வேறு இடத்திலிருந்து மூன்று அட்டை வேண்டும். இது ஆசிரியர் வைத்த சட்டம். ஆசிரியர் என்றால் தலைமைப் பதிப்பாசிரியர். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று வந்து, சட்டத்தைத் தவிர வேறு எதையும் நம்பாதவர்.

நான் அங்கே ஒன்பது வருடமாக உதவியாசிரியர். அச்சில் வந்த சொல் எதைக் கேட்டாலும் புத்தகம் பெயர், பக்கம், வரி எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வேன். பதினோராயிரத்துச் சொச்சம் அட்டை என் கையெழுத்தில் இருந்தது. ஆசிரியருக்கு ஒரு சந்தேகம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என் பக்கம்தான் திரும்புவார். அந்தத் திரும்பலுக்காகத்தான் நான் அந்தப் படிகளைத் தினமும் ஏறினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

அக்கா இங்கே வருவதற்கு முன் ஒரு சலவைக்கடையில் பதினாறு வருடம் கவுண்டரில் நின்றவர். துணியை விரித்துப் பார்த்து, கறை எங்கே, எதனால் என்று சீட்டில் எழுதிக் குத்துவது வேலை. மற்ற கடைகளில் 'மை, இடது பை' என்று மட்டும் எழுதுவார்கள். இவர் துணி கொடுத்தவர் சொன்னதையும் அப்படியே எழுதிவிடுவார். ஆசிரியர் சட்டையில் ஒருமுறை இப்படிச் சீட்டு வந்ததாம்: 'மை, இடது பை. பேனா என்னைப் பழிவாங்கிடுச்சும்மா என்றார்.' தான் சொன்ன சொல் ஒன்றுகூட மாறாமல் சீட்டில் இருந்ததைப் பார்த்து மனிதர் அசந்துபோய்விட்டார். அந்தக் கடையை மூடியபோது கையோடு அழைத்து வந்து, அட்டைகளை அகர வரிசையில் அடுக்கும் வேலையில் உட்கார வைத்தார்.

அடுக்கினால் போதாதா? போதவில்லை. அவர் வீட்டுக்காரர் தொலைதூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் இருக்க மாட்டார். மாமியார் படுத்த படுக்கை, காதும் மந்தம். அந்த அம்மாளுக்கு வெளியுலகம் என்பது மருமகள் வாய்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அன்று பேருந்தில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள், மருந்துக்கடையில் என்ன சண்டை என்று ஒரு சொல் விடாமல் உரக்கச் சொல்லியாக வேண்டும். பதினைந்து வருடம் இப்படிச் சொல்லிச் சொல்லி, கேட்டது எதுவும் தப்பாத காது. ஆசிரியர் ஒருநாள் "அதையெல்லாம் அட்டையில எழுதுங்கம்மா" என்றார். அன்று பிடித்தது எனக்குச் சனி.

மூன்று வருடத்தில் நாலாயிரத்து இருநூறு 'கேட்டது' அட்டைகள். பெரிய பெரிய எழுத்து, ஒன்றோடொன்று ஒட்டாத சீட்டு எழுத்து. ஆசிரியர் காலையில் வந்ததும் முதலில் அவற்றைத்தான் எடுப்பார். படித்துவிட்டுச் சிரிப்பார். ஒன்பது வருடத்தில் என் அட்டையைப் படித்து அந்த மனிதர் ஒருநாளாவது சிரித்திருப்பாரா? சரிதான், இலக்கண நூலின் உரையைப் படித்து யார் சிரிப்பார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். சமாதானம் ஆகவில்லை, வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு, நான் பேசுவது பாடம் நடத்துவது மாதிரி இருக்கிறது என்று அக்கா என்னை 'டீச்சர்' என்று கூப்பிட, எங்கள் டைப்பிஸ்டும் அதைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஆசிரியரும்.

நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பென்சிலுமாகப் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மூன்று மணி நேரத்தில் ஒருவர் உருப்படியாக ஒரு வாக்கியம் பேச வேண்டுமே. ஒருவர் என்னை டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்து, கேட்காமலேயே டிக்கெட்டை எடுத்து நீட்டினார். அதோடு எழுந்து வந்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் 'அசுத்தப்படுத்து' என்ற சொல் வந்தது. 'அசுத்தம் செய்', 'அசுத்தம் பண்ணு' எல்லாம் அதோடு சேர்த்தி. என் பங்குக்கு ஒதுக்கிய சொல். ஆறு வாரம் உழைத்து நான்கு பொருள் எழுதினேன். இடத்தையோ நீரையோ அழுக்காக்குதல், ஒன்று. சுவர்களில் 'இங்கே அசுத்தம் செய்யாதீர்' என்று எழுதிப்போடுகிறார்களே, அந்தப் பொருள் இரண்டு. 'பொது இடத்தில் மலஜலம் கழித்தல்' என்று நாகரிகமாக எழுதியிருந்தேன். எண்ணெய் முதலியவற்றில் மட்டமானதைக் கலந்து தரத்தைக் கெடுத்தல், மூன்று. மொழி, மனம் போன்றவற்றின் தூய்மையைக் கெடுத்தல், நான்கு. இதற்குப் பிறமொழிச் சொல்லை எதிர்த்து அச்சடித்த பழைய துண்டுப் பிரசுரங்கள் ஏழு கிடைத்தன. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்றுக்குக் குறையாமல் ஆதாரம். சுத்தமான வேலை.

அக்கா ஓர் அட்டையைக் கொண்டுவந்து ஆசிரியர் மேசையில் வைத்தார். 'கேட்டது. முதியவர், ஓய்வு பெற்ற கண்டக்டர். ஆஸ்பத்திரி வரிசையில், நர்ஸிடம். "நேத்து அசுத்தம் பண்ணிட்டேம்மா, என்னையறியாம." சொல்லும்போது சுவரைப் பார்த்தார்.' ஆசிரியர் அதை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"டீச்சர், உங்க ரெண்டாவது பொருள்ல இவர் வர மாட்டார். சுவத்துல எழுதறவன் சொல்ற அசுத்தம் வேற. இவர் தன்னைப் பத்திச் சொல்றது வேற. இது அஞ்சாவது பொருள்."

"ஒரு அட்டைதான் சார் இருக்கு. மூணு வேணுமே."

"இன்னும் ரெண்டு பின்னாடியே வெச்சிருக்கேன் டீச்சர்" என்றார் அக்கா. "ஒருத்தங்க தன் மாமனாரைப் பத்தி, இன்னொருத்தங்க நாய்க்குட்டிய."

ஆசிரியர் சிரித்துவிட்டு, "இந்தப் பதிவ நீங்களே முடிச்சிடுங்கம்மா" என்று என் கோப்பை அப்படியே எடுத்து அவரிடம் கொடுத்தார். என் ஆறு வாரம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோப்போடு பெயரும் போகும். முதல் தொகுதியில் பதிவு எழுதியவர் பெயர் கடைசிப் பக்கத்தில் வரும். இந்தப் போக்கில் அடுத்த எழுத்துக்குப் போகும்போது ஆசிரியர் முதலில் திரும்பும் பக்கம் என் பக்கமாக இருக்காது. அது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் மூன்று அட்டை எழுதினேன். பெரிய எழுத்து, ஒட்டாத எழுத்து. அந்தக் கையெழுத்தைப் போடுவது ஒன்றும் பிரமாதமில்லை. 'அசுத்தம் பண்ணு' என்பதற்கு ஆறாவதாக ஒரு பொருள்: காலையில் கடை திறந்ததும் வந்து, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, விலை பேசி, ஒன்றும் வாங்காமல் போதல். ஒரு துணிக்கடைக்காரர், ஒரு பூட்டு விற்பவர், பழத்தட்டுக்கார அம்மாள் ஒருத்தி. 'வந்தாங்க, நின்னாங்க, என் காலைப்பொழுதை அசுத்தம் பண்ணிட்டு அப்படியே போனாங்க பாரு' என்று அவளுக்கு வாக்கியம் போட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. மூன்றும் சந்தையில் கேட்டதாக. மூன்றும் புதன்கிழமை. சந்தைக்குப் புதன் விடுமுறை. ஆசிரியர் வீடு சந்தைக்குப் பின்புறம். இதைவிட வசதியான பொறி வேறென்ன வேண்டும்? அக்கா அன்று காலையே முடித்து ஆசிரியர் மேசையில் வைத்திருந்த கோப்பில் அட்டைகளையும் ஆறாவது பொருள் எழுதிய தாளையும் செருகிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

பதிவைச் சரிபார்க்கும் நாள் செவ்வாய். ஆசிரியர் ஆறாவது பொருளைப் படித்தார், அட்டைகளைப் புரட்டினார், சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அம்மா, புதன்கிழமை சந்தையில யார்கிட்டக் கேட்டீங்க?"

அக்கா அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது நான் கேட்டதில்லை சார்."

"கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னோடது மாதிரிதான் இருக்கு." என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் தேவலை.

நான் எதிர்பார்த்தது என்னவென்றால், கோப்பு என்னிடம் திரும்பி வரும், அக்காவுக்கு ஒரு திட்டு விழும். அவ்வளவுதான். ஆசிரியரின் சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்று யோசிக்கவே இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மூணு அட்டை பொய்யின்னா மத்தது மெய்யின்னு நான் எப்படிச் சொல்லுவேன்? புத்தகமா இருந்தா புரட்டிப் பாக்கலாம். காத்துல போன பேச்சை எங்க போய்ப் பாக்கறது? 'கேட்டது' அட்டை ஒண்ணுகூட இனிமே அகராதியில நிக்காது. எல்லாத்தையும் எடுத்துருங்க. சனிக்கிழமை பழைய பேப்பர்காரர் வரட்டும்."

நாலாயிரத்து இருநூறு. டைப்பிஸ்ட் எழுந்து நின்றுவிட்டார். அக்கா அழவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "சார், நான் வேணா வேலைய விட்டு நின்னுக்கறேன். அட்டைங்கள மட்டும் வெச்சுக்கோங்க. அதுல பேசினவங்க யாரும் பொய் சொல்லலையே."

"நீங்க நிக்க வேண்டாம். அடுக்கற வேலை இருக்கு, பாருங்க. அட்டை போகும்."

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொண்டை வரை வந்தது என்றெல்லாம் கதை விட மாட்டேன், வரவே இல்லை. ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், வேலை போனாலும் பரவாயில்லை, அட்டை இருக்கட்டும் என்று ஒருத்தி கெஞ்சுகிறாளே, அந்தப் பிரியம் என் பதினோராயிரத்தில் ஓர் அட்டை மேலாவது எனக்கு இருந்ததா என்று அதற்கும் சேர்த்துப் பொறாமை.

புதன், வியாழன் இரண்டு நாளும் இழுப்பறைகளிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை. அக்காதான் பிரித்தார், அவருக்குத்தானே எது எங்கே என்று தெரியும். டைப்பிஸ்ட் பெட்டியில் போட்டார். போடுவதற்கு முன் ஒன்றொன்றாக வாசித்துவிட்டுப் போட்டார். பேருந்தில் இடம் பிடிக்கச் சண்டை போட்டவர்கள், மகளின் மார்க்கை அரை மார்க் கூட்டிச் சொன்னவர், செருப்பைத் தொலைத்துவிட்டுக் காலைக் குறை சொன்னவர். எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நல்லாயிருந்தது, அதுதான் வினை.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா மாமியாருக்கு மருந்து வாங்கச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். ஆசிரியர் நடு அறைக்கு வந்து பெட்டிகளைப் பார்த்தபடி நின்றார். கையில் என் மூன்று அட்டைகள்.

"பொய்தான்" என்றார் டைப்பிஸ்டிடம். "ஆனா எவ்வளவு நல்ல பொய், பாருங்க. 'வந்தாங்க, நின்னாங்க, என் காலைப்பொழுதை அசுத்தம் பண்ணிட்டு அப்படியே போனாங்க பாரு.' அந்தப் பழக்காரி கண்ணு முன்னாடி நிக்கறா. இட்டுக்கட்டினாகூட அந்தம்மாவுக்கு இப்படித்தான் வருது. ஒரு வரம்தான் அது. நம்ம டீச்சர் தலைகீழா நின்னாலும் இப்படி ஒரு வாக்கியம் வராது."

"அது நான் எழுதினது சார்."

சொன்னது நான்தான். மனசாட்சி உறுத்தி, நல்ல புத்தி வந்து சொன்னேன் என்று யாராவது நினைத்தால் அது தவறு. என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே உயிருள்ள வாக்கியம். அதையும் தூக்கி அவர் கணக்கில் வைத்தால் யாருக்குப் பொறுக்கும்? வாய் திறந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்றே எனக்கு உறைத்தது.

டைப்பிஸ்ட் கையிலிருந்த அட்டைகளைக் கீழே வைத்தார். ஆசிரியர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"மூணுமா?"

"மூணும்தான். அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப அவங்க அட்டையெல்லாம் உள்ள போகும்." மூன்று அட்டைகளையும் பெட்டி மேல் வைத்தார். "உங்க அட்டைங்க?"

சட்டம் ஒன்றுதானே. பொய் எழுதிய கை எழுதிய பதினோராயிரமும் சந்தேகத்துக்கு உரியவை.

"என்னோடது எல்லாம் அச்சு ஆதாரம் சார். புத்தகத்தோட ஒப்பிட்டுப் பாக்கலாம்."

"பாக்கணும். நீங்க பாக்கக் கூடாது. வேற யாராவது பாக்கணும்."

வேறு யார் இருக்கிறார்கள் அங்கே? டைப்பிஸ்டுக்கு டைப் வேலையே தலைக்கு மேல். சனிக்கிழமை காலையில் அக்கா வந்ததும் ஆசிரியர் அவரை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். அக்கா என் மேசைக்கு வந்தார்.

"எதுக்கு டீச்சர்?"

"பொறாமை" என்றேன். வேறு சொல் தேடவில்லை.

"என் மேலயா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நிஜமாகவே சிரித்தார். கிண்டல் இல்லை. தன்மேல் பொறாமைப்பட ஓர் ஆள் இருக்க முடியும் என்பதே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆசிரியரிடம் சொன்னார்: "பாத்துடறேன் சார். ஒண்ணு விடாம பாக்கணும். அட்டைய தூக்கிப் போடறது எப்படி இருக்கும்னு இந்த வாரம்தான் பாத்தேன்."

பார்த்தார். பதினான்கு மாதம் பார்த்தார். காலையில் இருபது, மதியம் பதினைந்து என்று அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து அந்தந்தப் புத்தகத்தை எடுத்து, பக்கம் திருப்பி, வரி எண்ணி, வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, சரியாக இருந்தால் அட்டையின் அடியில் 'பார்த்தேன்' என்று எழுதித் தன் முதலெழுத்தைப் போடுவார். எதிரே உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். புரியாத உரை வந்தால் என்னிடமே கேட்பார், நானும் சொல்ல வேண்டும். "இது எதுக்கு டீச்சர் இப்படிச் சுத்தி வளைச்சுப் பேசறார்?" "அது உரையாசிரியர் வழக்கம்." "ஓ, பெரிய மனுஷங்க எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்." அன்று சாயங்காலம் அந்த உரையாசிரியரும் மாமியார் காதுக்குப் போயிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒரு தவறாவது இருக்கும் என்று ஆரம்பத்தில் பயந்தேன். போகப் போக, ஒரு தவறாவது இருக்கட்டுமே என்று ஏங்கினேன். அவர் கண்டுபிடித்து எழுந்து வந்து சொன்னால் சண்டை போட ஒரு வழி கிடைக்கும். ஒன்றும் இல்லை. பதினோராயிரத்து நூற்று நாற்பது அட்டையிலும் ஒன்றும் இல்லை. கடைசி அட்டையைப் பார்த்து முடித்த அன்று, "எல்லாம் சரியா இருக்கு சார். நூல் பிடிச்ச மாதிரி" என்று ஆசிரியரிடம் சொன்னார். அவர் தலையாட்டினார். என் ஒன்பது வருட உழைப்பு ஒவ்வொன்றின் அடியிலும் அவர் எழுத்து. எந்த இழுப்பறையைத் திறந்தாலும் என் கையெழுத்துக்குக் கீழே அந்தப் பெரிய, ஒட்டாத எழுத்துதான் கண்ணில் படுகிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த வாரம் 'அடாவடி' என்ற சொல்லை எடுத்தோம். அக்காவிடம் 'கேட்டது' அட்டைகள் ஒரு கட்டு இருந்தன. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "பேச்சுல நிறைய இருக்கு. அச்சுல முதல்ல எங்க வருது?" இந்தக் கேள்வி எனக்கானது. இந்த அலுவலகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே ஓர் ஆள்தான் உண்டு. நான் நிமிர்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"அந்தப் பழைய விவசாயக் கையேட்டுல சார்" என்றார் அக்கா, அட்டை அடுக்கியபடியே. "நூத்திப் பன்னிரண்டாம் பக்கம். கீழேயிருந்து மூணாவது வரி. மாட்டைப் பத்திச் சொல்றாங்க."

ஆசிரியர் அவர் பக்கம் திரும்பினார். திரும்பியவர் திரும்பியபடியே அடுத்த சொல்லையும் கேட்டார், அதற்கும் பக்கம் வந்தது. தெரு முழுக்க ஏற்கனவே அவரிடம் இருந்தது. என்னிடம் இருந்தது இந்த அலமாரி ஒன்றுதான். அதையும் நானே மூன்று பொய் அட்டை எழுதி, பதினான்கு மாதம் எதிரே உட்கார்ந்து, சந்தேகம் தீர்த்து, அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எல்லோரும் போன பிறகு அந்தக் கையேட்டை எடுத்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். கீழேயிருந்து விரல் வைத்து எண்ணினேன். நான்காவது வரியாக இருக்க வேண்டும் என்று எண்ணினேன். மூன்றாவது வரிதான்.